கல்லூரிக்கு முன் அது மாலுமிகளின் காப்பகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டன் கிரீனிச்சில் உள்ள பழைய அரச கடற்படைக் கல்லூரியைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அது கல்லூரிக்காகவே எழுப்பப்பட்டது போல எழுதியிருந்தது. உண்மையில் அது, முதுமையாலும் காயத்தாலும் கடலுக்குப் போக முடியாத மாலுமிகளுக்காக, அரசி இரண்டாம் மேரியின் விருப்பப்படி 1694-இல் அரச சாசனம் பெற்ற காப்பகம். அது 1869-இல் மூடப்பட்ட பிறகே, 1873 முதல் 1998 வரை அங்கே கல்லூரி நடந்தது.

கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென், பின்னாலிருந்த அரசி மாளிகையிலிருந்து தேம்ஸ் ஆறு தெரிவதை மறைக்கக் கூடாது என்பதற்காக, கட்டடத்தை நடுவே பிளந்து, இரு குவிமாடங்களை எதிரெதிரே நிறுத்தினார். வெறுமையாக விட்ட அந்த நடுவெளிதான் என் கண்ணுக்கு அக்கட்டடத்தின் உயிர்.

மகளைப் பார்க்கப் போனபோது ஓவிய மண்டபத்துக்குள் நின்றேன். ஜேம்ஸ் தார்ன்ஹில் 1707 முதல் 1726 வரை தீட்டிய மண்டபம் அது. தூணில் செதுக்கியவை என்று நான் நம்பிய வரிப்பள்ளங்கள், கிட்டப் போனால் வெறும் வண்ணம்! மாலுமிகள் உண்பதற்கென அமைத்த அந்தக் கூடத்தின் அழகு மிகுந்துபோனதால், அவர்கள் கீழ்த்தளத்தில் உண்ண நேர்ந்தது என்பது எனக்கு வருத்தமே. 1806 ஜனவரியில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் உடல் மக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்டதும் அந்த ஓவிய மண்டபத்தில்தான்.

எங்கள் ஊருக்கு அருகில், புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள், 1741 குளச்சல் போரில் டச்சுப் படையின் பக்கம் நின்று பிடிபட்டுப் பின்னர் திருவிதாங்கூர் படையின் தளபதியான டிலனாயின் கல்லறை இருக்கிறது. அதைப் பற்றியும் தாங்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், பாறசாலை