கை வலித்தால் கழற்றிவிடு, மீனா

அன்புள்ள மீனாவுக்கு,

நேற்று போனில் பேச்சோடு பேச்சாக, "இந்தத் தடவை சென்சார் போட்ட கை கொஞ்சம் வலிக்குதும்மா" என்றாய். நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள், "ஒண்ணும் இல்லை, இன்னும் ஒரு வாரம்தானே" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். போனில் உன்னைப் பிடித்து நிறுத்த முடியாது. அதனால்தான், சர்க்கரை அளவு பார்க்க நீ கையில் ஒட்டிக்கொள்கிற அந்தச் சென்சாரைப் பற்றி எழுதுகிறேன். ஆபீஸ் விட்டு வந்து நிதானமாகப் படி.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலித்தால் கழற்றிவிடு. ஒரு வாரம் பாக்கி இருக்கிறதே, இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியதாயிற்றே என்றெல்லாம் பார்க்காதே. நீ பணத்தை மட்டும் யோசித்துப் பொறுத்துக்கொள்ளவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ராத்திரி என் போனில் உன் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டுத்தான் நான் படுக்கிறேன். அது தெரியாமல் போனால் அம்மா தூங்க மாட்டாள் என்று நினைக்கிறாய். தூங்குவேன் கண்ணு. படுக்கும் முன் விரலில் குத்திப் பார்த்து, வந்த எண்ணை மட்டும் மெசேஜில் போடு, போதும். அஞ்சாம் வகுப்பில் உனக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது சென்சார் ஏது? விரலில் குத்தித்தானே பத்து வருடத்துக்கு மேல் ஓட்டினோம்.

போட்ட அன்று லேசாகக் கடுக்கும், அது சகஜம். ஊசி உள்ளே போய் வருகிறதல்லவா? ஆனால் அந்த ஊசி உள்ளே தங்குவதில்லை. சர்க்கரையை அளக்கும் மெல்லிய இழையை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறது. போன தடவை நீ வீட்டில் கழற்றிய சென்சாரைக் குப்பையில் போடும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நடுவில் அந்த இழை 5 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். பருமன் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. விரல் நுனியால் தொட்டால், பூக்கட்டும் நாரில் பிரித்த இழை போல வளைந்துகொடுத்தது. அவ்வளவு மெல்லியது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில் சரியாக உட்கார்ந்துவிட்டால், மறுநாளே அது கையில் இருப்பது மறந்துபோக வேண்டும். நாலைந்து நாளாகியும் கையைத் தூக்கும்போது சுருக்கென்கிறது என்றால், அது உட்கார்ந்த இடம் சரியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

நீ ஒல்லி. உன் கையில் கொழுப்பே கொஞ்சம்தான். தோள்பட்டைக்கும் முழங்கைக்கும் நடுவில், கையின் பின்பக்கம் போட வேண்டும். தனியாகப் போடும்போது அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, மற்றக் கை சரியாக எட்டாது. எட்டுகிற இடத்தில் அழுத்திவிடுகிறோம். அது மெல்ல மெல்ல வெளிப்பக்கத் தசைக்கு வந்துவிடுகிறது. தசையில் இறங்கினால் ஒவ்வொரு அசைவுக்கும் வலிக்கும். நரம்புக்குப் பக்கத்தில் போனால் சுரீரென்று இழுக்கும். சின்ன ரத்தக்குழாயில் பட்டால் ரத்தம் கசிந்து சுற்றிலும் நீலம் பாரிக்கும், அளவும் தாறுமாறாக வரலாம். இதற்கெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பது மருந்தில்லை.

அடுத்த தடவை ரூமில் இருக்கிற பெண்ணை உதவிக்குக் கூப்பிடு. கூச்சப்படாதே. கையை மார்புக்குக் குறுக்கே போட்டு எதிர்த் தோளைப் பிடித்துக்கொள். பின்பக்கம் நன்றாகத் தெரியும். இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து, சதை சேர்ந்து வருகிற இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல். மச்சம், தழும்பு, போன தடவை போட்ட இடம் எல்லாம் வேண்டாம். இன்சுலின் போடுகிற இடத்திலிருந்து ஒரு அங்குலமாவது தள்ளி இருக்கட்டும். இந்தத் தடவை இடது கை என்றால் அடுத்தது வலது.

வலியா, அரிப்பா என்று நீ சரியாகச் சொல்லவில்லை. சென்சாரைத் தோலில் ஒட்டும் பட்டையின் ஓரம் முழுக்க அரித்து, சிவந்து, பொரிப்பொரியாக வந்திருந்தால் அது ஊசி சமாச்சாரமே இல்லை. பசைதான் காரணம். இதைக் குழந்தைத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2017-ல் பெல்ஜியத்துத் தோல் மருத்துவர்கள், இப்படிச் சென்சார் போட்டுப் புண்ணாகி வந்தவர்களைச் சோதித்து, அதில் இருந்த ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற பொருள்தான் ஒவ்வாமைக்குக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 2020-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஒன்று அதையே அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. அப்படி ஒவ்வாமை இருந்தால் இடம் மாற்றினாலும் தீராது. டாக்டரிடம் காட்டி வேறு வகைக்கு மாற வேண்டும்.

கழற்றும்போது வெடுக்கென்று பிய்க்காதே. ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு மெதுவாக உரி. ஆனால் புது சென்சார் போடும்போது அதே எண்ணெய்தான் எதிரி. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த கையில் அன்றே போட்டால் ஓரம் கிளம்பி, உள்ளே இழை ஆடும். வலிக்க அதுவும் ஒரு காரணம். சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடு. இறுக்கமான சுடிதார் கையும், தோளில் மாட்டுகிற லேப்டாப் பையும் வேறு அதை உரசிக்கொண்டே இருக்கும். பையைக் கொஞ்ச நாள் அடுத்த தோளுக்கு மாற்று.

அப்புறம் ராத்திரி. போன வாரம் மூன்று மணிக்கு அலாரம் அடித்து, சர்க்கரை 58-க்கு இறங்கியதாகக் காட்டியது என்றாயே, தூக்கக் கலக்கத்தில் பிஸ்கட் தின்று, காலையில் பார்த்தால் 270. நீ சென்சார் போட்ட கையை அழுத்திப் படுத்திருந்தாய் என்றுதான் நினைக்கிறேன். அந்த இழை ரத்தத்தில் இல்லை, செல்களுக்கு இடையே இருக்கும் நீரில் இருக்கிறது. சாதாரணமாகவே அந்த அளவு ரத்தத்தைவிட ஐந்து பத்து நிமிடம் பின்தங்கித்தான் வரும். உடம்பின் பாரம் முழுக்க அந்த இடத்தில் விழுந்தால் ரத்த ஓட்டம் குறைந்து, இல்லாத இறக்கத்தைக் காட்டும். கையும் காலையில் கன்றிப்போயிருக்கும். அலாரம் அடித்தால் புரண்டு படுத்து விரலில் ஒரு தடவை பார். ஆனால் நடுக்கமோ வியர்வையோ இருந்தால் எதையும் பார்த்துக்கொண்டிருக்காதே, முதலில் குளுக்கோஸ் 15 கிராம் வாயில் போடு. பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக முடிகிறதா என்றும் சோதித்துப் பார். உன் அத்தைக்குத் தலை பின்ன முடியாமல் போனபோது எல்லோரும் வயசு என்றோம். டாக்டர்தான் தோள்மூட்டு இறுகிவிட்டது, சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும் என்றார். சென்சாரைக் கழற்றி இரண்டு மூன்று நாளாகியும் தோள் வரை வலி இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல். இன்னும் அவசரமானது ஒன்று: அந்த இடம் சூடாகி, சிவப்பு பரவி, சீழோ காய்ச்சலோ வந்தால், எனக்குப் போன் பண்ணுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போ.

நீ படித்த கதைதான், ஆனாலும் எழுதத் தோன்றுகிறது. 1922 ஜனவரி 11, டொரன்டோவில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். மருந்து சுத்தமாக இல்லை, ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்துவிட்டது. சாகக் கிடந்த பிள்ளைதானே, கட்டி வந்தால் என்ன என்று அதே மருந்தைத் தொடர்ந்து ஏற்றவில்லை. காலிப் என்பவர் மருந்தைச் சுத்தம் செய்துகொடுத்து, ஜனவரி 23-ல் மறுபடி போட்டார்கள். பையன் தேறினான். உன் மருந்து பிறந்த நாளிலேயே ஊசி போட்ட இடத்தின் வலிக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நீ மட்டும் ஏன் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும்? வாழ்நாள் முழுக்க உன் உடம்பில் ஏதோ ஒன்று குத்திக்கொண்டுதான் இருக்கப்போகிறது. அதனால்தான் சொல்கிறேன், வலியைப் பழக்கிக்கொள்ளாதே. வலிக்காமல் போட்டுக்கொள்ளப் பழகு.

இன்று ராத்திரி சாப்பிடும் முன் கழற்றிவிடு. உன் மேஜை டிராயரில் விரலில் குத்திப் பார்க்கிற ஸ்ட்ரிப் பாட்டில் இருக்கும், காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள். மூன்று வேளை சாப்பாட்டுக்கு முன்னும் படுக்கும் முன்னும் குத்திப் பார். இரண்டு நாளைக்கு விடியற்காலை மூன்று மணிக்கும் ஒரு தடவை. கழற்றிய சென்சாரையும் அதன் அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போடாதே, கம்பெனிக்குப் போன் செய்து மாற்றித் தருவார்களா என்று அப்பா கேட்டுப் பார்க்கிறேன் என்கிறார். கழற்றிய இடத்தை வெளிச்சத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. சனிக்கிழமை கும்பகோணம் வந்தால் புதிதாக ஒன்றை நானே போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா