திண்ணைப் பள்ளியின் அடியும் அரவணைப்பும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இளம் ஆசிரியர்களிடம் பேசப் போகிறாய் என்று படித்ததும் மகிழ்ச்சி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். "அந்தக் காலத்து வாத்தியார் அடித்தார், பிள்ளை திருந்தியது" என்று ஒரு வரியில் முடித்துவிடாதே. திண்ணைப் பள்ளியில் அடிக்கும் ஒரு கணக்கு இருந்தது. கோளாறும் அந்தக் கணக்கிலேயே இருந்தது.

பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823இல் சென்னை அரசுக்கு எழுதிய அறிக்கையைப் பார். காலை 6 மணிக்குப் பள்ளி. முதலில் வந்தவனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாமவனுக்குச் சுழி, அதாவது பூஜ்யம்: பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் ஆளுக்கு ஒன்று கூடும்.

கணக்குப் போட்டுப் பார். 20 பிள்ளைகள் இருந்தால் கடைசியாக வருகிறவனுக்கு 18 அடி. எல்லோரும் மணி அடிக்குமுன் வந்துவிட்டாலும் யாரோ ஒருவன் கடைசிதான்! மாட்டை மாற்றிக் கட்டிவிட்டு ஊர்க்கோடியிலிருந்து ஓடிவருகிற பையன் தினமும் அந்த இடத்திலேயே நிற்பான். நாலு நாள் பொறுப்பான், ஐந்தாம் நாள் வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளிவான். வாத்தியாருக்கு உதவியாக இருக்கும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை பெரிய பையன்களோடு போய்த் தூக்கிவருவான். பிறகு கோதண்டம்: உத்தரத்துக் கயிற்றை இரு கையாலும் பிடித்துக் கால் தரையில் படாமல் தொங்க வேண்டும். தோள்பட்டையும் மணிக்கட்டும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கைகளைக் கட்டிக் கூரையில் தொங்கவிட்டதையும் கேம்ப்பெல் எழுதியிருக்கிறார். ஆக, சோம்பலுக்கென்று வைத்த தண்டனை தூரத்துக்கும் ஏழ்மைக்கும் விழுந்தது. பெற்றவர்களோ, "கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டே போனார்கள்.

சட்டாம்பிள்ளையைப் பற்றியும் சொல். ஒரே வாத்தியார், ஆளுக்கொரு பாடம். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்காமல் அந்தப் பள்ளி நடந்திருக்காது. ஆனால் பிரம்பையும் அவன் கையில் கொடுத்தபோது, முறுக்கு கொடுத்தவன் தப்பினான், கொடுக்காதவன் மாட்டினான்.

இனி அரவணைப்பு. இதை யாரும் எழுதிவைப்பதில்லை, அதனால் நீ நிதானமாகச் சொல்ல வேண்டும். புதுப் பிள்ளை சேரும் நாளில் எல்லோருக்கும் பொரிகடலை. அழுகிற பிள்ளையை மடியில் இருத்தி, ஆள்காட்டி விரலைத் தன் கைக்குள் பிடித்து, மணலில் 'அ'வை இழுப்பார் வாத்தியார். வாய் "ஆனா, ஆவன்னா" என்று ராகம் போடும். மணல் பொடியாக இருக்க வேண்டும். பருமணல் என்றால் விரல்நுனி தேய்ந்து எரியும், பிள்ளை மறுநாள் வராது. மணலில் ஒரு வசதி: தப்பு எழுதினால் உள்ளங்கையால் தடவிவிட்டால் போயிற்று, சாட்சியே இருக்காது. ஓலை அப்படியல்ல, எழுத்தாணிக் கீறல் நிற்கும். மணலில் கை பழகிய பிறகே ஓலை வந்தது. இந்த மணல் எழுத்தைப் பார்த்துத்தான் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் சென்னை எழும்பூரில் தான் நடத்திய பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவை மறக்காமல் வாசித்துக் காட்டு. உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் அது தடுக்கிறது. பிரம்பை விட்டுவிட்டுப் பட்டப்பெயர் வைக்கிற ஆசிரியர்கள் இந்த இரண்டாம் பாதியைக் கேட்க வேண்டும்.

பேச்சு எந்தத் தேதி என்று எழுது. கேம்ப்பெல் அறிக்கையைப் படியெடுத்து அதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்