பழுப்பு வளையம்

பசுமலை,
ஞாயிறு மாலை.

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

அப்பா எழுதுவது. அவருடைய கிருபையால் அம்மாவும் நானும் சுகமாயிருக்கிறோம். சென்ற வாரம் நீ தொலைபேசியில் சொன்னதில் பாதியை அம்மா என்னிடம் சொன்னாள். மீதியை அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். 12 அளவீடுகளில் இரண்டு மட்டும் வரைபடத்தின் கோட்டில் வந்து உட்காரவில்லை என்பதும், கட்டுரை அனுப்பும் நாள் நெருங்குவதால் அவ்விரண்டையும் எடுத்துவிடும்படி உன் மூத்த ஆராய்ச்சி மாணவர் சொல்கிறார் என்பதும், உன் வழிகாட்டி இதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். உன்னிடம் பேசினால் குரல் உயர்ந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

உன் ஆராய்ச்சியின் வேதியியல் எனக்கு விளங்காது. 31 ஆண்டுகள் ஆய்வுக்கூட உதவியாளனாகக் கரைசல் கலந்தும், பியூரெட் கழுவியும், உடைந்த பிப்பெட்டுக்குக் கணக்கு எழுதியும் காலம் கழித்தவன் நான். ஆனால் மாணவர்கள் கண்ணால் கண்டது எது, குறிப்பேட்டில் எழுதியது எது என்பதை, மதிப்பெண் போடும் பேராசிரியரைவிட, பக்கத்தில் சோதனைக்குழாயோடு நிற்கும் என்னைப் போன்றவன் நன்றாக அறிவான். அப்படி அறிந்த ஒன்றை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

1994ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்கள். திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. உப்புப் பகுப்பாய்வில் நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையச் சோதனை செய்வது உனக்குத் தெரியும்; நைட்ரேட் இருந்தால் சோதனைக்குழாயில் பழுப்பு வளையம் தோன்றும். அதற்கு வேண்டிய பெரஸ் சல்பேட் கரைசலைத் தேர்வன்று காலையில் புதிதாகக் கலக்க வேண்டும். வைத்திருந்தால் காற்றுப் பட்டு இளம்பச்சை நிறம் போய் மஞ்சளாகிவிடும், பிறகு வளையம் சரியாக வராது. அந்த வாரக் கடைசியில் எங்கள் ஆலயத்தில் கன்வென்ஷன் கூட்டம். பாடகர் குழுவில் நானும் இருந்தேன். திங்கட்கிழமை விடியலில் எழுந்து வர முடியாது என்று வெள்ளிக்கிழமை பிற்பகலே கரைசலைக் கலந்து வைத்துவிட்டுப் போய்விட்டேன். கொஞ்சம் கந்தக அமிலமாவது விட்டிருக்கலாம், அதையும் செய்யவில்லை. தேவனைத் துதிக்கப் போகும் அவசரத்தில் அவர் கையில் கொடுத்த வேலையை அரைகுறையாக விட்டேன் என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை.

தேர்வில் இரண்டு பேருக்கு நைட்ரேட் உப்பு விழுந்தது. ஒருவன் எங்கள் சபைப் பையன். “அண்ணே, என்ன சால்ட்?” என்று உதட்டை அசைத்தான், நானும் சொல்லிவிட்டேன். அவன் சோதனைக்குழாய் ஈரமே ஆகவில்லை, ஆனால் விடைத்தாளில் “பழுப்பு வளையம் தோன்றியது” என்று எழுதினான். இன்னொருத்தி மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேருந்தில் வந்து படித்த பெண். மூன்று முறை செய்து பார்த்தாள். வளையம் வரவில்லை. “வளையம் தோன்றவில்லை” என்றே எழுதினாள். எதிரயனி நைட்ரேட் என்பதைச் சொல்லாமல் விட்டாள். அவனுக்கு முழு மதிப்பெண், அவளுக்கு ஏறக்குறையப் பாதி. கரைசல் பழையது என்று தேர்வாளரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்திருக்கும். எனக்கு மெமோ வந்திருக்கும், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை.

“உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்” என்று நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொன்னது சத்தியம் பண்ணுவதைப் பற்றித்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று அந்த ஆய்வுக்கூடத்தில் அதன்படி நடந்தவள் அந்தப் பெண் ஒருத்திதான், அவளோ நம் மார்க்கத்தைச் சேர்ந்தவள் அல்ல. ஞாயிறு முழுவதும் பாடிய நானும், ஞாயிறுப் பள்ளியில் பரிசு வாங்கிய அந்தப் பையனும் நின்ற இடம் உனக்குத் தெரிகிறதல்லவா?

ஆகவே அந்த இரண்டு புள்ளிகளை எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கருவி அன்று கோளாறாயிருந்தது என்று அன்றைய தேதியிலேயே நீ எழுதி வைத்திருந்தால் எடு. எடுத்ததையும் காரணத்தையும் கட்டுரையில் சொல். கோடு அழகாக வரவில்லை என்பது மட்டும் காரணமானால் அவை அங்கேயே இருக்கட்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டு விதிகளை நீயும் படித்திருப்பாய்: பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, ஆய்வேட்டில் 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. அந்த விதியும் அதற்கான மென்பொருளும் பிறர் வாக்கியத்தைக் கண்டுபிடிக்கும். நீ அழித்த உன் சொந்த அளவீட்டைக் கண்டுபிடிக்க அவற்றால் ஆகாது. அது உனக்கும் கர்த்தருக்கும் மட்டுமே தெரிந்த கணக்கு.

இன்னொன்று. உனக்காக இரவு தங்கி, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியை இயக்கினாரே ஓர் ஊழியர், அவர் பெயர் நன்றியுரையில் இல்லை என்று அம்மாவிடம் நீயே வருத்தப்பட்டாயாம். வருத்தப்படுவானேன், சேர்த்துவிடு. 1606இல் நம் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்று பேர்பெற்ற கத்தோலிக்கப் பாதிரியார் நொபிலி நம் சபையார் அல்லர். சாதி வேற்றுமைக்கு அவர் இடங்கொடுத்தது எனக்கு இன்றும் மனத்தாங்கல்தான். ஆனாலும் அவருக்கு வடமொழி சொல்லிக்கொடுத்தவர் சிவதர்மர் என்று நானூறு ஆண்டுக்குப் பிறகும் நமக்குத் தெரிகிறது. பின்னாளில் வந்த எத்தனையோ பாதிரிமாருக்குத் தமிழ் கற்பித்த முன்ஷிகள் பெயரில்லாமலே போய்விட்டார்கள். 31 ஆண்டுகளில் எந்த நன்றியுரையிலும் இடம்பெறாதவன் சொல்கிறேன் என்று சிரிக்காதே. கொஞ்சம் அதுவும் உண்டு.

அந்தப் பெண்ணை நாலு வருடத்துக்கு முன் மேலூரில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருக்கிறாள். பந்தி முடிந்து கைகழுவும் இடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். “கரைசல் மஞ்சளாக இருந்ததை அன்றைக்கே பார்த்தேன் அண்ணே. சொன்னால் உங்களுக்கு மெமோ கொடுப்பார்கள் என்று விட்டுவிட்டேன்” என்றாள். எனக்கு எந்தப் பதிலும் வரவில்லை. ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

வழிகாட்டியிடம் நாளையே போய்க் கேள். மரியாதையாகக் கேள், ஆனால் குறிப்பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போ. கட்டுரை தள்ளிப்போனால் உதவித்தொகைக்கு நெருக்கடி வரலாம். அதை நானும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். அந்த ஊழியரின் பெயரையும் இனிஷியலையும் அவரிடமே கேட்டு எழுது.

அன்புள்ள
அப்பா