சாவி யாரிடம் இருக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஒரு வரியை நாலு நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். "பண்ணையில் பெரும்பாலும் தனியாகத்தான் வேலை, பாதுகாப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா அப்பா?" அதற்கு முன்னால் மூன்று வாரம் பேச்சே இல்லை. அதற்குப் பின்னாலும் இல்லை. வீட்டுச் சேதியெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அக்காவுக்கு வேலை உறுதியாகிவிட்டது, அம்மாவின் முழங்கால் தேவலை. மீதியை அவர்களே சொல்லட்டும். என் கை இந்தத் துப்பாக்கியை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

எதற்கு என்று நீ எழுதவில்லை. மாட்டுக்கா, பாம்புக்கா, திருடனுக்கா?

மாட்டுக்கு என்றால் வேண்டாம். முட்ட வரும் காளையைக் கைத்துப்பாக்கியால் நிறுத்த முடியாது. கணக்குப் போட்டுப் பார். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மாடு 10 மீட்டரை ஒன்றேகால் நொடிக்குள் கடந்துவிடும். இடுப்பு உறையிலிருந்து உருவிக் குறிபார்த்துச் சுட, நன்றாகப் பழகியவனுக்கே ஒன்றரை இரண்டு நொடி ஆகும். சேற்றில் கால் புதைந்து, கையுறையோடு நிற்கிறவன் என்ன செய்வான்? சுட்டாலும் எங்கே படும்? மாட்டின் மூளை இரு கண்ணுக்கு நடுவே இல்லை, அதற்கு மேலே இருக்கிறது. ஒவ்வொரு கண்ணின் வெளி ஓரத்திலிருந்தும் எதிர்ப்பக்கக் கொம்பின் அடிக்கு ஒரு கோடு இழுத்தால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் அது. எழவே முடியாமல் கிடக்கும் மாட்டின் வேதனையை முடிக்க மருத்துவர்கள் பார்க்கும் இடமும் அதுதான், அதுவும் தலையை அசையாமல் பிடித்து, அருகிலிருந்து. தலையைத் தாழ்த்தி ஓடிவரும்போது அந்தக் கோணமெல்லாம் மாறிவிடும். காளையின் நெற்றி எலும்பும் லேசானதல்ல. வேறெங்கு பட்டாலும் அது உன்னிடம் வந்து சேர்ந்த பிறகுதான் விழும்.

கன்று ஈன்ற பசுவும் காளையும்தான் ஆளைக் கொல்கின்றன, உனக்குத் தெரியாததில்லை. தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகாதே. கன்றுக்குக் காதுவில்லை போடும்போது தாய்க்கும் உனக்கும் இடையில் ஒரு கேட்டோ வண்டியோ கட்டாயம் இருக்க வேண்டும். காளை பக்கவாட்டில் திரும்பி உடம்பைக் காட்டி, முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தினால் அதுதான் எச்சரிக்கை. முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே மெதுவாகப் பின்வாங்கு. முதுகைக் காட்டாதே. மாடுகளின் நடத்தையை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியை டெம்பிள் கிராண்டின் படம் போட்டு விளக்கியதை உனக்கு நான் பத்து வயதிலேயே சொல்லிக்கொடுத்தேன். மாட்டின் தோள்பட்டைக்குப் பின்னால் நின்றால் அது முன்னே போகும், தோளுக்கு முன்னால் வந்தால் பின்னே போகும், நேர் பின்னால் நின்றால் உன்னைப் பார்க்கவே முடியாது. பட்டி வேலியில் ஆள் மட்டும் நுழைகிற சந்து இருக்கிறதா? 35 முதல் 40 சென்டிமீட்டர் போதும், நீ நுழைவாய், மாடு நுழையாது. இல்லையென்றால் மேலாளரிடம் சொல்லி இந்த வாரமே வைக்கச் சொல். துப்பாக்கி வாங்கும் பணத்தில் நாலு சந்து வைத்துவிடலாம். இன்னொன்று, இடுப்பில் துப்பாக்கியோடு அந்தச் சந்தில் நுழைந்தால் உறை கம்பியில் மாட்டிக்கொள்ளும். உயிர் தப்ப வேண்டிய நொடியில் நீ அங்கே தொங்கிக்கொண்டிருப்பாய்.

கொட்டிலுக்குள் சுடுவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கைத்துப்பாக்கியின் வெடிச்சத்தம் 150 டெசிபலுக்கு மேல். தகரக் கூரைக்கடியில் ஒரே வெடியில் காது நிரந்தரமாகக் கெடலாம். மாட்டுக்குச் செவி நம்மைவிடக் கூர்மை, மந்தை முழுக்க மிரண்டு ஒரே மூலையில் போய் மோதும். சிமெண்டுத் தரையிலும் இரும்புக் குழாயிலும் பட்ட தோட்டா எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெளியில் சுட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போகும். சாணிக் குழியைக் கலக்கிவிடும் நாளில் மீத்தேன் மேலே வரும், காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும்.

பாம்புக்கு முழங்கால் உயர பூட்ஸ், டார்ச், நீளக் கழி. வைக்கோல் கட்டுக்கடியில் கையை விடுவதற்கு முன் கொக்கியால் புரட்டு. பாதத்துக்கு ஒரு முழம் தள்ளி இருப்பதைச் சுடப் போனால் பாம்பு தப்பும், பாதம் தப்பாது. கடித்துவிட்டால் கீறாதே, இறுக்கிக் கட்டாதே, ஓடாதே. கடிபட்ட இடத்தை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

திருடன் விஷயம்தான் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. மாடு திருட வருகிறவன் தனியாக வரமாட்டான், வெறுங்கையோடும் வரமாட்டான். அவனுக்கு மூன்று வேண்டும்: லாரி வரும் வழி, ஏற்றும் மேடை, கொஞ்ச நேரம். வழியைச் சங்கிலி போட்டுப் பூட்டு, மேடைக்குத் தனிப் பூட்டுப் போடு, எடுத்து மாட்டும் தடுப்புக் கம்பிகளை வெளியில் விட்டு வைக்காதே, அவற்றை வைத்தே அவன் பட்டி கட்டிக்கொள்வான். ஒவ்வொரு மாட்டுக்கும் காதுவில்லை எண்ணும் இரு பக்கப் படமும் எடுத்து வை. வெளிச்சம் கண்டால் கிட்டப் போகாதே. வண்டி எண், நேரம், போன திசை, இவை போதும், போலீஸுக்குச் சொல். இடுப்பில் துப்பாக்கி இருந்தால் கிட்டப் போகத் தோன்றும். அந்த எண்ணம்தான் ஆளைக் கொல்கிறது.

இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டியதில்லை. மூச்சு வராத கன்றின் மூக்கில் வைக்கோல் தண்டை விட்டுத் தும்ம வைத்தாயே, அந்தப் படத்தை வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட கைக்காரனுக்கு வாரம் ஒருமுறை போனை எடுத்து அம்மாவோடு பேச ஐந்து நிமிடம் இல்லையா?

பண்ணையில் ஆளைக் கொல்வது திருடனும் பாம்பும் மட்டுமில்லை. கவிழ்கிற டிராக்டர், டிராக்டரின் சக்தியை மற்றக் கருவிக்குக் கடத்த நிமிடத்துக்கு 540 சுற்றில் சுழலும் பி.டி.ஓ. தண்டு, சாணிக் குழி வாயு. டிராக்டருக்குக் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டகமும் சீட் பெல்ட்டும் இருக்கட்டும், தண்டின் உறை உடைந்திருந்தால் ஓட்டாதே. தனியாகப் போகும் நாளில் எந்த வயலில் இருப்பாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ. சொன்ன நேரத்தில் போன் வரவில்லையென்றால் அவர் தேடி வர வேண்டும். யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போகிறாயா, தம்பி?

பண்ணைக்காரர்கள் ஏற்கெனவே ஒன்று வைத்திருக்கலாம். விழுந்த மாட்டுக்கு அது தேவைப்படும் நாளும் வரும். அப்படியென்றால் சுடும் விசையை முழுசாக மூடுகிற கடினமான உறை வேண்டும், சட்டைப் பையில் ஒருபோதும் கூடாது. சாவிக்கொத்தின் ஒரு முனை விசைக்குள் போனால் போதும். தோட்டாவை எடுக்கும்போது முதலில் தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்று, பிறகு துப்பாக்கியின் மேலே நகரும் ஸ்லைடைப் பின்னால் இழு, உள்ளே கண்ணாலும் பார், விரலாலும் தொட்டுப் பார். முறை மாறி முதலில் ஸ்லைடை இழுத்தால் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். காலி என்று நினைத்த துப்பாக்கி இப்படியும் வெடிக்கும். வேலை முடிந்ததும் சுவரோடு பதித்த இரும்புப் பெட்டியில் துப்பாக்கி, வேறொரு பெட்டியில் தோட்டா.

சாவி உன்னிடம் வேண்டாம். இதை மறுபடியும் எழுதுகிறேன், சாவி உன்னிடம் வேண்டாம்.

இவ்வளவும் மாட்டைப் பற்றியே எழுதிவிட்டேன், பார். சித்தப்பாவிடமும் நான் இதைத்தான் செய்தேன். அந்த மாதம் முழுக்க அவன் சத்தமில்லாமல் இருந்தான். ஏதோ சொல்ல வந்தபோதெல்லாம் நான் பால் கணக்கும் தீவனமும் பேசினேன். என்னடா ஆச்சு என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நானே அவன் தலையில் போட்டதாகிவிடுமோ என்று பயந்தேன். அது தப்பு. கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டவரிடம் மனசு விட்டுப் பேசத்தான் வழி திறக்கும். அதை நான் தெரிந்துகொண்டபோது அந்த அறை காலியாகிவிட்டிருந்தது. தப்பு என்னுடையது. உன் அம்மாவிடம்கூட இத்தனை வருஷத்தில் இதைச் சொன்னதில்லை.

ஆகையால் உன்னிடம் கேட்டுவிடுகிறேன். உயிரோடு இருக்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றுகிறதா? தோன்றினால் என்னிடம் சொல், எந்த ராத்திரியானாலும் சரி. திட்டமாட்டேன், புத்தி சொல்லமாட்டேன். என்னிடம் வராது என்றால் அக்காவிடம் சொல், அங்கே ஒரு டாக்டரிடம் சொல். அந்த வேகம் வந்தால் கொஞ்ச நேரத்தில் தணியும் என்கிறார்கள், அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கைக்கு எட்டாத தூரத்தில் சாவி இருக்க வேண்டும். அதனால்தான் சாவி சாவி என்கிறேன். இல்லை என்றால் அப்பாவுக்கு வயசாகிவிட்டது, கண்டதையும் நினைக்கிறார் என்று நினைத்துக்கொள், எனக்கு அது போதும்.

ஞாயிறு காலை பால் கறந்து முடித்ததும் கூப்பிடு. நீ கூப்பிடாவிட்டால் நான் கூப்பிடுவேன், நீ எடுக்காவிட்டால் திங்கள் வண்டி ஏறுவேன். பண்ணையில் இரும்புப் பெட்டி இருக்கிறதா, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் இன்றைக்கே ஒரு வரி அனுப்பிவிடு.

உன்
அப்பா