விலை ஏறினால் செய்தி, இறங்கினால் செய்தியில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பச் செலவைக் குறைப்பது எப்படி என்று தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கையில் பட்டியலோடு கடைக்குச் செல்வது, பசித்த வயிற்றோடு செல்லாமலிருப்பது போன்ற அறிவுரைகளை வழக்கம்போலப் பொறுத்துக்கொண்டேன். ஆனால், இந்திய அரிசியின் விலை கூடியிருப்பதால் சிங்கப்பூரிலுள்ள நம் குடும்பங்கள் பொன்னி அரிசிதான் வேண்டும் என்று அடம் பிடிக்காமல், பேரங்காடியில் மலிவாகக் கிடைக்கும் தாய்லாந்து அரிசிக்கு மாறிக்கொள்ளலாம் என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் எழுதிச் சென்றிருந்ததை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் வீட்டில் மாவு ஆட்டும் வழக்கமில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. தாய்லாந்தின் மணமுள்ள அரிசியை நான் குறை சொல்லவில்லை. அது அதற்குரிய சமையலுக்கு நல்ல அரிசிதான். அதை உளுந்தோடு சேர்த்து ஆட்டி வைத்தால் மாவு பொங்கத்தான் செய்கிறது, ஆனால் வெந்த இட்லி தட்டை விட்டு வர மறுக்கிறது. வந்தாலும் விரலில் பசைபோல் ஒட்டுகிறது. சோறாக வடித்துச் சாம்பார் ஊற்றிப் பிசைந்தால் இரண்டாம் பிசையலிலேயே களியாகிவிடுகிறது. அது போகட்டும், நாக்கைத் திருத்திக்கொள்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். என் கணவருக்கு நீரிழிவு இருப்பதால், குழைந்த வெள்ளையரிசிச் சோற்றைக் குறைத்துப் புழுங்கலரிசிக்கு மாறும்படி பலதுறை மருந்தகத்தின் உணவு ஆலோசகர் சொல்லியிருக்கிறார். தங்கள் சுகாதாரப் பக்கமும் இதைத்தான் ஆண்டுதோறும் சொல்லி வருகிறது. சுகாதாரப் பக்கத்தின் சொல்லைக் கேட்பதா, ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையின் சொல்லைக் கேட்பதா என்பதைத் தாங்களே முடிவு செய்து அறிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

எங்களை அடம் பிடிப்பவர்கள் என்று சொல்வதற்கு முன்னால், விலை எதனால் ஏறியது, ஏறியதற்கான காரணம் நீங்கிய பிறகும் ஏன் இறங்கவில்லை என்று அந்தக் கட்டுரை ஒரு பத்தியாவது கேட்டிருக்கலாம். தாங்கள் அறியாததல்ல, 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளையரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. உலக அரிசி ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைத் தன் கையில் வைத்திருக்கும் நாடு தடை போட்டால் அது பெரிய செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தடை பச்சரிசிக்குத்தானே தவிர, புழுங்கலரிசிக்கு இல்லை. புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்ததே ஆகஸ்ட் 25ஆம் தேதிதான். எங்கள் பேட்டையில் நான் வழக்கமாக வாங்கும் மளிகைக் கடையிலோ ஜூலை மாதம் முடிவதற்குள்ளாகவே புழுங்கல் பொன்னி மூட்டைக்கு இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடிவிட்டது. விலைச் சீட்டின் ஓரம் சற்றுத் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அடியில் பழைய சீட்டு அப்படியே இருந்தது. மூட்டையும் பழையது, இருப்பும் பழையது, விலை மட்டும் புதியது. கேட்டதற்குக் கடைக்காரத் தம்பி, “அக்கா, இந்தியா தடை போட்டிருச்சே, பேப்பர் பாக்கலையா?” என்றார். பார்த்தேன். அவரும் பார்த்திருக்கிறார். தங்கள் தலைப்புச் செய்தியை எங்கள் எல்லாரையும்விட அவர்தான் கவனமாகப் படித்திருக்கிறார்.

அதன் பிறகு நடந்தவற்றை அதே கவனத்தோடு யார் படித்தார்கள்? ஆகஸ்ட் மாத இறுதியிலேயே, சிங்கப்பூருடனான நெருங்கிய உறவைக் கருதி நமக்குத் தனியாக அரிசி அனுப்ப இந்தியா இசைந்தது. 2024 செப்டம்பரில் வெள்ளையரிசித் தடை நீக்கப்பட்டது. புழுங்கலரிசி வரி 10 விழுக்காடாகக் குறைந்து, அக்டோபரில் முற்றிலும் எடுக்கப்பட்டது. நான் காத்திருந்தேன். கப்பல் வர வேண்டும், பழைய கொள்முதல் தீர வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தடையின்போது பழைய இருப்பையே புது விலைக்கு விற்றவர்கள், தடை நீங்கியதும் புது இருப்பையும் தடைக்கால விலைக்கே விற்றார்கள். அதே தம்பியிடம் கேட்டபோது தடை நீங்கிய செய்தியை அவர் கேள்விப்படவே இல்லை என்றார். பொய் சொன்னாரா, உண்மையிலேயே தெரியாதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தடை விதித்தபோது முதல் பக்கத்தில் வந்த செய்தி, தடை நீங்கியபோது உள்பக்க மூலையில் வந்தால் பாவம், அவர் எப்படிப் பார்ப்பார்?

இது அரிசியோடு தொடங்கியதுமில்லை. 2019 செப்டம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது, முளைவிட்ட வெங்காயத்தைக்கூடப் பொறுக்கியெடுக்க விடாமல் விற்றார்கள். 2020 மார்ச்சில் தடை நீங்கியது. வெங்காயம் சற்று இறங்கியது உண்மை, ஆனால் அந்தச் சாக்கில் ஏறிய வெங்காயப் பஜ்ஜியின் விலை இறங்கியதாக எனக்கு நினைவில்லை. 2023 டிசம்பரில் மறுபடியும் அதே கதை. 2022 ஜூன் முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, எங்கள் காப்பிக் கடையில் கோழி பிரியாணிக்கு ஐம்பது காசு கூட்டி, காரணத்தைக் கையால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். அக்டோபரில் மலேசியக் கோழி திரும்பி வந்தது. ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டார்கள். ஐம்பது காசைத்தான் கிழிக்கவில்லை.

பொருள் சேவை வரியைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம். 2023 ஜனவரியில் 8 விழுக்காடு, 2024 ஜனவரியில் 9 விழுக்காடு என்று உயர்ந்தபோது, அரிசிக்கும் பருப்புக்குமாவது விலக்குக் கொடுங்கள் என்று எத்தனையோ பேர் கேட்டார்கள், கிடைக்கவில்லை. வரியைச் சாக்காக வைத்து அநியாயமாக விலையேற்றுவோரைக் கவனிக்க அரசாங்கம் ஒரு குழு அமைத்தது, வரவேற்கிறேன். ஆனால் இந்தியாவைச் சாக்காக வைப்போரைக் கவனிக்க எந்தக் குழு இருக்கிறது? நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வரும்போது, சாக்குச் சொல்வதற்கு எப்போதும் ஏதோ ஒரு நாடு கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். அரிசி இறக்குமதியாளர்கள் மாத இறக்குமதியைப் போல் இருமடங்கைக் கிடங்கில் இருப்பு வைத்திருக்க வேண்டும் என்ற திட்டம் இருப்பதால் அரிசிக்குத் தட்டுப்பாடு வராது என்று ஒவ்வொரு முறையும் உறுதி கூறுகிறார்கள். தட்டுப்பாடு வரவில்லைதான். அலமாரி நிறைய அரிசி இருக்கிறது, எதிரே நின்று நான் சீட்டுகளை நெம்பிக்கொண்டிருக்கிறேன்.

கடையில் பணத்துக்குப் பதிலாகக் கொடுத்துப் பொருள் வாங்க அரசாங்கத்தில் பற்றுச்சீட்டு கொடுக்கிறார்களே என்பார் கட்டுரையாளர். கொடுக்கிறார்கள், நன்றியோடு வாங்கிக்கொள்கிறோம். 2024 ஜனவரியில் 500 வெள்ளி, 2025 ஜனவரியில் 300, மே மாதத்தில் 500 என்று சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டுகள் வந்தன. ஆனால் அவை வீட்டுக்கு இவ்வளவு என்று வருபவை, ஆளுக்கு இவ்வளவு என்றல்ல. நாங்கள் இருவர், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஆறு பேர் ஒரே கூரையின்கீழ் இருக்கிறோம். எதிர்வீட்டில் கணவன் மனைவி இருவர் மட்டுமே. இரண்டு வீட்டுக்கும் ஒரே தொகை. கூட்டுக் குடும்பமாக வாழ்வதன் பெருமையைப் பொங்கலுக்குப் பொங்கல் தங்கள் சிறப்பிதழில் பாடுகிறீர்கள். அந்தப் பெருமைக்கு மாதம் எத்தனை மூட்டை அரிசி ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை.

கடைக்காரர்கள் எல்லாரும் கொள்ளையர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வாடகையும் ஆள் கூலியும் மின்கட்டணமும் அவர்களையும் அழுத்துகின்றன என்பதை அறிவேன்; வாடகை கட்ட முடியாமல் மூடிய கடைகள் எங்கள் பேட்டையிலேயே உண்டு. அப்படியானால் வாடகை கூடியதால் விலை கூடியது என்று சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறோம். ஒரு கிலோ என்று வாங்கிப் பழகிய உளுந்துப் பொட்டலம் ஒருநாள் சத்தமில்லாமல் 900 கிராமாகிறது; உறையின் படம், நிறம், விலை எல்லாம் அதே. பெரிய பேரங்காடிகளில் நூறு கிராமுக்கு என்ன விலை என்று சீட்டிலேயே போட்டிருப்பதைப் பார்க்கிறோம். நம்மவர் கடைகளில் பலவற்றில் அது இல்லை. மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு உறையின் அடியிலுள்ள பொடி எழுத்தைப் படித்தால்தான் அந்த நூறு கிராம் குறைந்திருப்பது தெரியவரும்.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமையானால் நல்லது, புழுங்கல் பொன்னி, இட்லி அரிசி, உளுந்து, துவரம் பருப்பு, பெரிய வெங்காயம், தேங்காய், நல்லெண்ணெய் ஆகியவற்றின் கிலோ விலையைத் தேக்கா, ஈசூன், ஜூரோங் வட்டாரங்களில் விசாரித்து, சென்ற வார விலையோடு சேர்த்து ஒரு சிறு பெட்டியாக வெளியிட வேண்டுகிறேன். எந்தக் கடை என்று பெயர் போட வேண்டாம், யார் மனமும் நோக வேண்டாம். ஏற்றுமதித் தடை நீங்கினால், வரி குறைந்தால், அதையும் அந்தப் பெட்டியிலேயே இரண்டு வரி சேருங்கள். கடைக்குப் போகும்போது நறுக்கிக் கையில் எடுத்துச் செல்ல வசதியாக இருக்கும். பக்கத்தில் இடமில்லை என்பீர்களேயானால், சினிமாப் பக்கத்தில் கதாநாயகரின் படத்தை ஒரு விரற்கடை சிறிதாக்கினால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஈசூன்