மலையேறி வந்து ஆடியவர்களுக்கு நன்றி

கோத்தகிரி

அன்புடையீர், வணக்கம்.

கோடை விடுமுறையில் இங்கே நடந்த ரேட்டிங் (ஆட்டத் திறனை எண்ணால் காட்டும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் புள்ளி) சதுரங்கப் போட்டிக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். பரிசளிப்பு மேடையில் துண்டு போர்த்திப் பெயர் வாசித்தாயிற்று. யார் செய்தது எதற்குப் பயன்பட்டது என்று சொல்ல அங்கே நேரம் போதவில்லை. நாளைக்குக் கூடலூரிலோ கொடைக்கானலிலோ யாராவது இப்படி ஒன்று நடத்தப் புறப்பட்டால் அவர்களுக்கும் ஆகும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி, கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து வந்து எங்கள் பிள்ளைகளைத் தோற்கடித்துவிட்டுப் போனவர்களுக்கு. கிண்டல் இல்லை. 18 வயதுக்குக் கீழே, 2300 ரேட்டிங்குக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ‘கே’ எண், அதாவது ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண், 40. 1450 உள்ள பிள்ளை 1650 உள்ள பிள்ளையை வென்றால் சுமார் 30 புள்ளி ஏறும்; தோற்றவருக்கும் அதே எண் என்றால் அதே 30 இறங்கும். ஆக, ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால் இருக்கிற புள்ளிதான் கைமாறும். ஆட்டம் வளர்ந்திருக்கும், எண்ணில் தெரியாது. வெளியாள் வந்து உட்கார்ந்தால்தான் உண்மையான உயரம் தெரியவரும்.

ரேட்டிங்கே இல்லாத பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய உதவி. முதல் ரேட்டிங் வாங்க, ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். ஒரே போட்டியில் முடிய வேண்டும் என்பதில்லை, 26 மாதத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம். கணக்குப் போட்டால் 1400க்குக் குறையாமல் வர வேண்டும். முதல் போட்டியிலேயே பூஜ்யம் வாங்கினால் அது கணக்கில் சேராது. இந்த ஐந்து ஆட்டத்துக்காகக் குடும்பமே மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் அறை எடுத்துத் தங்கும் செலவை நீங்கள் மிச்சப்படுத்தியிருக்கிறீர்கள்.

ஒற்றைப்படையில் ஆள் சேரும்போதெல்லாம் பலகைக்கு வந்து உட்கார்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்குத் தனி நன்றி. எதிராளி அமையாமல் ‘பை’ கிடைத்த பிள்ளைக்கு ஒரு புள்ளி வரும், ஆனால் அந்த ஐந்தில் ஒரு ஆட்டம் வராது. அவர் ரேட்டிங் உள்ளவர் என்பதால் அந்தச் சுற்றும் வீண் போகவில்லை. பரிசுக்கும் இல்லாமல், ஊக்கத்தொகைக்கும் இல்லாமல் தன் ரேட்டிங்கைப் பணயம் வைத்து உட்காருவதற்குப் பெரிய மனசு வேண்டும்.

‘அடுத்த பிரக்ஞானந்தா நம்ம ஊரில்தான்’ என்று மேடையில் பேசிய பெரியவர்களுக்கும் நன்றி. கூடவே ஒரு வேண்டுகோள்: எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் அந்தச் சுமையை ஏற்றாதீர்கள். சதுரங்கத்தின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டம் எப்படிக் கிடைக்கிறது என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள். கிராண்ட்மாஸ்டர் ஆக ஒருமுறையாவது 2500ஐத் தொட வேண்டும். அதோடு நார்ம் (பட்டத்துக்கு உரிய தரத்தில் ஒரு போட்டியில் ஆடியதற்கான தகுதி), வழக்கமாக மூன்று, எல்லாம் சேர்ந்து 27 ஆட்டத்துக்குக் குறையாமல். ஒன்பது சுற்றுப் போட்டியில் ஒரு நார்ம் என்றால் 2600 உள்ளவர் ஆடுகிற தரத்தில் ஆடியிருக்க வேண்டும்; எதிராளிகளின் சராசரி 2380ஆவது இருக்க வேண்டும்; அவர்களில் மூன்று பேராவது கிராண்ட்மாஸ்டராக இருக்க வேண்டும்; வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் வேண்டும். திறமை பிள்ளையிடம் இருந்தாலும் மற்ற நிபந்தனைகளை யாராவது கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும்.

பிரக்ஞானந்தா 2013இல் எட்டு வயதுக்குட்பட்டோர் உலகச் சாம்பியன், 2015இல் பத்து வயதுக்குட்பட்டோர் உலகச் சாம்பியன், 2016இல் 10 வயது 10 மாதத்தில் இன்டர்நேஷனல் மாஸ்டர் (கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழே உள்ள பட்டம்). அப்படிப்பட்ட பிள்ளைக்கே முதல் கிராண்ட்மாஸ்டர் நார்ம் 2017 நவம்பரில், இத்தாலியின் டார்விசியோவில் நடந்த உலக ஜூனியர் போட்டியில்தான் வந்தது. இரண்டாவது 2018 ஏப்ரலில் கிரீஸின் ஹெராக்லியோனில். மூன்றாவது அதே ஆண்டு ஜூனில், மறுபடி இத்தாலி, ஓர்டிசே. அங்கே கடைசிச் சுற்றில் போதிய ரேட்டிங் உள்ள எதிராளி அமைந்தால்தான் நார்ம் கைக்கு வரும் என்ற நிலை, அமைந்தார். வயது அப்போது 12 வருடம் 10 மாதம் 13 நாள். மூன்று நார்மும் வெளிநாட்டில் என்பதைக் கவனியுங்கள். விமானம், விசா, தங்குமிடம், கூடவே போக ஒரு பெரியவர். அம்மா நாகலட்சுமி ஊர் ஊராகக் கூடவே போய் ரசம் சாதம் வைத்துக் கொடுத்தது, பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ், வீட்டிலேயே முன்னால் ஆடிக்கொண்டிருந்த அக்கா வைஷாலி: இத்தனையும் சேர்ந்துதான் அந்தப் பையன். குகேஷ் 2019 ஜனவரியில் மூன்றாவது நார்மை டெல்லியிலேயே முடித்தார். அங்கே வெளிநாட்டுக் கிராண்ட்மாஸ்டர்கள் வந்து ஆடும் பெரிய ஓப்பன் போட்டி நடந்ததால் அது முடிந்தது. எங்கள் போட்டி அந்த ஏணியின் முதல் படிக்கும் கீழே இருக்கிற தரை. தரையைப் போட்டவர்களுக்கும் நன்றி சொல்லத்தானே வேண்டும்.

சமவெளியிலிருந்து வந்த நடுவர்களுக்கு: தாமதமாக வருபவருக்கு எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைப் போட்டிக்கு முன்பே எழுதி ஒட்டியதற்கு நன்றி. அறிவிக்காவிட்டால் விதிப்படி ஒரு நிமிடம்கூடச் சலுகை கிடையாது. சீசனில் மலைப்பாதையில் வண்டி நின்றால் பிள்ளையின் முதல் சுற்றே போய்விடும். நீங்கள் வைத்த அரை மணி நேரம் பல பேரைக் காப்பாற்றியது. இன்னொன்று, ஸ்வெட்டர். தடித்த கையோடு எட்டிக் காயை எடுக்கும்போது பக்கத்துக் காய்கள் சாயும். சாய்த்தவர் தன் நேரத்திலேயே நிமிர்த்தி வைக்க வேண்டும், அதற்கு முன் கிளாக்கை அழுத்தக் கூடாது. சின்னப் பிள்ளைகள் பதற்றத்தில் கிளாக்கை அழுத்திவிட்டு நிமிர்த்துவார்கள். முதல் சுற்றுக்கு முன்பே எல்லோரையும் முழங்கை வரை மடிக்கச் சொன்னீர்கள், தகராறே வரவில்லை. ஜெர்கின் பையில் மறந்து கிடக்கும் செல்போனையும் அப்போதே வாங்கி வைத்தீர்கள். அது மணியடித்தால் ஆட்டமே போயிருக்கும்.

சமுதாயக்கூடத்தைக் கொடுத்த ஊர்ப் பெரியவர்களுக்கும், ட்யூப்லைட் வரிசையை மாற்றிய எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும். இங்கே மதியம் மூன்று மணிக்கு மிஸ்ட் இறங்கினால் மாலை ஆறு மணி போல இருட்டும். விளக்கு ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அவர் நிழலே பலகையில் விழும். வரிசையை மேசைக்கு நேர் மேலே கொண்டுவந்தால் போதும். தகரக்கூரையில் மழை விழுந்தால் நடுவர் பேசுவது கேட்காது என்று, யாரோடு யார் ஆடுவது என்ற பேரிங்கைத் தாளில் அடித்து இரண்டு சுவரில் ஒட்டியதும் அந்த அண்ணன் யோசனைதான். ஈரக்காற்றில் ரெக்ஸின் பலகை ஓரம் சுருண்டு காய் ஆடும். முதல் நாள் ராத்திரியே எதிர்ப்பக்கம் சுருட்டி வைத்தால் காலையில் படிந்து நிற்கும். 95 மில்லிமீட்டர் ராஜா நிற்க 5 முதல் 6 சென்டிமீட்டர் கட்டம் சரி. கிளாக் இரவல் தந்தவர்கள் மாற்று பேட்டரியும் சேர்த்துத் தந்தது புத்திசாலித்தனம். குளிரில் பேட்டரி சீக்கிரம் தளரும்.

ஒரு ஆட்டத்தில் ஒருவருக்கு 90 நிமிடம், அதோடு ஒவ்வொரு நகர்வுக்கும் 30 வினாடி கூடும். 60 நகர்வு போனால் இரண்டு பேருக்கும் சேர்த்து நான்கு மணி நேரம். காலை 9க்கும் மதியம் 2க்கும் சுற்று வைத்தால் முடிய ஆறு மணி ஆகும். சோலூர்மட்டம், கீழ்க்கோத்தகிரி பக்கத்துப் பிள்ளைகள் கடைசி பஸ்ஸை நினைத்து அவசரமாக ஆடி, ஜெயிக்கிற ஆட்டத்தை டிராவுக்கு ஒத்துக்கொள்வது இங்கே வழக்கம். வீடு வரை கொண்டுபோய் விட்ட ஜீப் ஓட்டுநர்களால் அந்தப் பயம் போயிற்று.

வெளியூர்க் கார்கள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) எடுத்துக் கொடுத்த கணினி மையத்துத் தம்பிக்கு நன்றி. 2024 மே 7 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. எடுக்காமல் வந்தால் சோதனைச் சாவடியிலேயே நேரம் போய்விடும். சீசனில் தனி வாகனங்கள் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டியிருக்கும். கோத்தகிரிக்கே வருகிறவர்களுக்கு அது சுற்று. இதை முன்கூட்டியே எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னதும் அவர்தான். பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்பதால் எவர்சில்வர் டிரம்மில் வெந்நீர் நிரப்பி வைத்த அக்காமார்களுக்கும், தேநீரை ஹாலுக்கு வெளியிலேயே நிறுத்திய சமையல்காரருக்கும் நன்றி. ஒரு டம்ளர் கவிழ்ந்தால் நகர்வுகளை எழுதும் நோட்டேஷன் தாள் போகும், நகர்வைத் திரும்ப எழுத நடுவரைத் தேட வேண்டும்.

பழைய மடிக்கணினி கொடுத்தவருக்கு ஒரு வார்த்தை. அதில் எஞ்சின் (ஆட்டத்தை அலசும் கணினி நிரல்) போட்டிருக்கிறோம், ஆனால் பிள்ளை தன் ஆட்டத்தைத் தாளில் தானே அலசி எழுதிய பிறகுதான் திறப்போம். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவிடம் இருந்த காலத்தில் குகேஷும் வெகுநாள் எஞ்சினைத் தொடாமலேயே வளர்ந்தார்.

இரவல் வாங்கிய கிளாக்குகளைத் துடைத்து, பேட்டரி கழற்றி, பெயர் ஒட்டி வைத்திருக்கிறோம். உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். குன்னூர்க்காரர்கள் அடுத்து நடத்துவதாக இருந்தால் எடுக்கும் முன் சொல்லுங்கள், அப்படியே கைமாற்றி விடுகிறோம்.

இப்படிக்கு,
கோத்தகிரி வட்டாரச் சதுரங்கப் பயிற்சியாளர்களும் பெற்றோரும்