உறை பற்றி நீ கேட்டது

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் துப்பாக்கிக்கு உறை வாங்க நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாலு படத்தையும் பார்த்தேன். "இதுல எதுப்பா நல்லது?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். எனக்கு ஒரு வரியில் பதில் வரவில்லை.

நீ துப்பாக்கி வாங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மருந்துக்கடையை அடைத்துவிட்டு ஆளில்லாத பார்க்கிங்கில் நடந்து போகிறவள் நீ, நான் இல்லை. அதனால் அந்தப் பேச்சு இத்தோடு சரி. வாங்கியாகிவிட்டது, அதை எதில் வைப்பது என்பதில் மட்டும் எனக்குப் பேச உரிமை இருக்கிறது. வேலூர் ஆயுதப்படையில் பாதி சர்வீஸை ஆயுதக் கிடங்கில் எண்ணெய்த் துணியோடு கழித்தவன் நான்.

எங்கள் உறைக்கும் உனக்கு வேண்டிய உறைக்கும் ஒட்டே இல்லை. எங்களுடையது ஊர் பார்க்கவேண்டும் என்பதற்காகவே தொங்கியது. மூடி, பட்டன், அதற்குமேல் துப்பாக்கியை உடம்போடு பிணைக்கும் லேன்யார்ட் கயிறு. ஒரு தேர்த் திருவிழா பந்தோபஸ்தில் கூட்டம் நெருக்கியதில், எங்கள் இன்ஸ்பெக்டரின் ரிவால்வர் உறையைவிட்டு நழுவி முழங்கால் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கயிறு இருந்ததால் மனிதருக்கு வேலை தப்பியது. உன்னுடையது யார் கண்ணிலும் படக்கூடாது. சட்டைக்குள், உடம்போடு ஒட்டி, கயிறும் மூடியும் இல்லாமல் இருக்கவேண்டும். ஆக, பிடித்துக்கொள்ளும் வேலை முழுக்க உறையின் வடிவத்துக்கே வந்துவிடுகிறது.

முதல் படத்தில் இருக்கும் தோல் உறை அழகுதான். ஆம்பூர் பக்கத்து ஆள் எனக்கும் தோல் என்றால் ஒரு சாய்வு உண்டு. உடம்புக்கு இதம், சத்தம் வராது, துப்பாக்கியின் மேல்பூச்சைத் தேய்க்காது. ஆனால் வியர்வை குடித்துக் குடித்து நாளடைவில் தொளதொளத்துப் போகும். கிடங்கில் தோல் உறையிலேயே விட்டுவைத்த தோட்டாக்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும், அதைத் துடைத்துத் துடைத்தே என் விரல் நகம் போனது. நீ இருக்கும் ஹூஸ்டன் புழுக்கம் நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் குறைந்ததில்லை என்று நீயே சொன்னாய். களிம்பைத் துடைத்துவிடலாம். வாய் தளர்ந்துபோவதுதான் ஆபத்து. துப்பாக்கியை எடுத்ததும் உறையின் வாய் சப்பென்று மூடிக்கொள்ளும். திரும்பச் செருகும்போது மடங்கிய தோல் நுனி டிரிகர் என்கிற சுடும் விசையின் வளையத்துக்குள் போனால், விரல் செய்கிற வேலையை அது செய்துவிடும். உன் பிஸ்டலில் தவறி வெடிக்காமல் தடுக்கக் கையால் போடுகிற சேஃப்டி இல்லை என்றாய். எங்கள் பழைய ரிவால்வரில் டிரிகரை இழுக்கவே மல்லுக்கட்டவேண்டும், உன்னுடையதில் அவ்வளவு பாடு இல்லை.

உறையின் வேலை துப்பாக்கியை எடுக்கும்போது இல்லை, திரும்ப வைக்கும்போதுதான் என்று நான் சொல்வேன். எடுக்கிற நாள் உனக்கு வராமலே போகலாம், வரவும் வேண்டாம். வைப்பது தினமும் நடக்கும்.

அந்தக் கணக்கில் இரண்டாவது படம், கைடெக்ஸ் என்கிற அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக், தோலை ஜெயிக்கிறது. சூடாக்கி அந்த மாடலுக்கென்றே அச்சில் அழுத்தி வடிப்பதால் வாய் மூடாது, உள்ளே போய் உட்கார்ந்ததும் 'க்ளிக்' என்று சொல்லும், பிடி தளர்ந்தால் ஸ்க்ரூவை முறுக்கிக்கொள்ளலாம். குறையும் இருக்கிறது. இடுப்பில் ஓட்டுத்துண்டை ஒட்டவைத்த மாதிரி உறுத்தும், பூச்சைத் தேய்க்கும். நாளைக்குப் பிஸ்டலின் அடியில் ஒரு டார்ச் மாட்டினால் இந்த உறை உதவாது, வேறுதான் வாங்கவேண்டும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்.

நாலாவது படத்தில், எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று விற்கிற அந்த நைலான் பையைப் பற்றி எழுத மை வீண்.

உறையே வேண்டாம் என்று இடுப்பில் செருகிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். 2008-ல் பிளாக்சிகோ பர்ரெஸ் என்கிற அமெரிக்கன் ஃபுட்பால் வீரர், நியூயார்க் கிளப் ஒன்றில் தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். பேண்ட் இடுப்பில் சொருகிய பிஸ்டல் வழுக்கியது, பிடிக்கப் போனார், வெடித்தது. உரிமம் இல்லாமல் வைத்திருந்ததற்கு இரண்டு வருஷத் தண்டனை வேறு.

கைப்பைதான் உனக்குப் பிடித்தது என்று எனக்குத் தெரியும். சுடிதாருக்குப் பெல்ட் கிடையாது, இடுப்பில் உறுத்தாது, யாருக்கும் தெரியாது. எல்லாம் நியாயம்தான். ஆனால் 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலம் ஹேடனில் ஒரு தாய் கடைக்குப் போயிருந்தாள். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த கைப்பை, கணவர் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பையன் அதற்குள் கையை விட்டான். துப்பாக்கி வெடித்தது, அந்தப் பெண் அங்கேயே இறந்துபோனாள். உன் பையனுக்கும் இப்போது இரண்டு வயது. போன தடவை வந்தபோது என் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடி, பேனா, மாத்திரை எல்லாவற்றையும் அள்ளிப் போட்டவன் அவன். கைப்பை வேண்டாம் கண்ணு. இதில் எனக்கு இரண்டு மனசு இல்லை.

வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற எலாஸ்டிக் பட்டை எந்த உடுப்புக்கும் ஒத்துப்போகும். ஆனால் டிரிகர் மேல் வெறும் துணிதான் இருக்கிறதா, கெட்டி ஓடு இருக்கிறதா என்று பார். துப்பாக்கியைக் காலி செய்து உள்ளே வைத்து, வெளியிலிருந்து டிரிகர் இருக்கும் இடத்தை விரலால் அழுத்து. விரலுக்கு அசைவு தெரிந்தால் கடையிலேயே விட்டுவிட்டு வா. பிறகு தலைகீழாகப் பிடித்துக் குலுக்கு, விழக்கூடாது. ஒரே கையால், வாயை விரிக்காமல் உள்ளே செருக முடிகிறதா என்றும் பார்.

இடம் என்றால், முன்பக்கம் தொப்புளுக்குக் கீழே வைப்பதுதான் மறைக்கவும் எடுக்கவும் சுலபம் என்கிறார்கள். மெய்தான். ஆனால் காரில் உட்கார்ந்தால் குழல் முனை தொடையின் பெரிய ரத்தக்குழாயைப் பார்த்தபடி இருக்கும். அதோடு, அம்மா பக்கத்திலிருந்து எழுதச் சொல்கிறாள்: ஆபரேஷன் தழும்பு அங்கேதான் இருக்கிறது, உரசும். வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், பேண்ட்டுக்கு உள்பக்கம் வை. குனியும்போது சட்டை தூக்கித் துப்பாக்கியின் அச்சு தெரியலாம், ஒரு சைஸ் பெரிய சட்டை போட்டுக்கொள். பெல்ட் தடிப்பாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கனத்துக்கு உறை தொங்கிவிடும். கணுக்காலில் கட்டுவது, சினிமா போலீஸ் மாதிரி தோளில் மாட்டுவது எல்லாம் உனக்கு வேண்டாம். பல தோள் உறைகளில் குழல் முனை பின்னால் நிற்கிறவரை நோக்கியிருக்கும்.

இனி உன் வேலை விஷயம். கடைக்குள் பணியாளர் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்றாய். அப்படியானால் தினமும் காரில் ஒரு தடவை கழற்றி, ஒரு தடவை மாட்டவேண்டும். நெருக்கமான சீட்டில், தூக்கக் கலக்கத்தில். உறையிலிருந்து துப்பாக்கியை உருவாதே. உறையோடு சேர்த்து அப்படியே கழன்று வருகிற கிளிப் வைத்ததாக வாங்கு. டிரிகர் மூடியபடியே பூட்டுப் பெட்டிக்குள் போகட்டும், பெட்டியைச் சீட்டின் அடியில் கம்பியால் கட்டிவை. இந்த ஒரு வசதிக்காகவே உன் படங்களில் மூன்றாவதை, அப்படிக் கிளிப் வைத்த கைடெக்ஸ் உறையை, நான் எடுப்பேன்.

நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஹெச்-1பி என்கிற தற்காலிக வேலை விசாவில் இருந்தவரை நீயும் அங்கே தொடமுடியாது என்றாய், கிரீன் கார்டு வந்த பிறகுதானே வாங்கினாய். உன் டெக்சஸ் மாநிலத்திலோ 2021 செப்டம்பர் 1 முதல் இருபத்தொரு வயதானவர் கைத்துப்பாக்கி கொண்டுபோக லைசென்ஸே வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். இருந்தாலும் நீ வகுப்புக்குப் போய் லைசென்ஸ் எடு. எங்கே கொண்டுபோகக் கூடாது என்பதையாவது உட்கார்ந்து கேட்பாய். பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் தோட்டா போட்ட துப்பாக்கி சிக்கும்படி அஜாக்கிரதையாக விட்டால் அங்கே அது குற்றம் என்பதை மாப்பிள்ளைக்கும் சொல்லிவை.

வாங்கியதும் வீடியோ காலில் வா. பையன் தூங்கிய பிறகு, அங்கே ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் இங்கே காலை எட்டு, நான் காப்பி குடித்துவிட்டுத் தயாராக இருப்பேன். தோட்டா அடைக்கும் மேகசினைக் கழற்றி அடுத்த அறையில் வைத்துவிட்டு, தோட்டா உட்காரும் சேம்பரைத் திறந்து எனக்குக் காட்டு. பிறகு ஒரு கையால் இருபது தடவை செருகிக் காட்டு, எண்ணுகிறேன்.

அன்புடன்,
அப்பா